மண்புழுவின் நரம்புத் துடிப்பை அளந்த அனுபவம்: செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கம்பியும் ஏற்காட்டுக் குளிரும்

உயிருள்ள ஒரு மண்புழுவின் நரம்பில் ஓடும் மின்துடிப்பை, அதன் உடலில் ஊசி குத்தாமலும் மயக்க மருந்து கொடுக்காமலும் பதிவு செய்து, அந்தத் துடிப்பு நொடிக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் செல்கிறது என்பதை வீட்டிலேயே அளக்க முடியும். அதற்கான கருவியைச் செய்த விதத்தையும், சேலத்தில் எங்கள் வீட்டு அறையிலும் ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்திலும் எடுத்த அளவுகளையும் இங்கே எழுதுகிறேன். நரம்பு துடிக்கும்போது எழும் மின்மாற்றமான செயல்நிலை மின்னழுத்தத்தின் வரைபடத்தை மனப்பாடமாக வரைந்து மதிப்பெண் வாங்கும் மாணவர்கள், அந்தக் கோடு ஓர் உயிரின் உடலிலிருந்து எழுந்து திரையில் வருவதைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தில்தான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

மண்புழுவைத் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. அதன் உடலின் அடிப்பக்கத்தில், குடலுக்குக் கீழே, தலையிலிருந்து வால்வரை ஒரு நரம்பு வடம் செல்கிறது. அந்த வடத்துக்குள் மற்ற நார்களைவிடப் பல மடங்கு தடித்த மூன்று பெருநார்கள் இருக்கின்றன: நடுவில் ஒன்று, அதன் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று. தலைப்பக்கத்தைத் தொட்டால் நடுப் பெருநாரும், வால்பக்கத்தைத் தொட்டால் பக்கப் பெருநார்களும் துடிக்கும். பக்கத்து நார்கள் இரண்டும் தமக்குள் இணைக்கப்பட்டிருப்பதால் ஒரே நாரைப் போலச் சேர்ந்தே துடிக்கும். ஆபத்து வந்தவுடன் உடலைச் சட்டென்று இழுத்துக்கொள்வதற்காக அமைந்த பாதை இது. ஒரு சிறு தொடுதலுக்கே முழுத் துடிப்பு கிடைப்பதும், எந்தப் பக்கம் தொட்டால் எந்த நார் துடிக்கும் என்று முன்கூட்டியே தெரிவதும் அளப்பவருக்குப் பெரிய வசதி. நம் ஊர்ப் பாடநூலில் வரும் லாம்பிட்டோ மாரிட்டி இனத்தைத் தோட்டத்தில் தோண்டி எடுக்கலாம் என்றாலும், மண்புழு உரக்குழிகளில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்க இனமான யூட்ரிலஸ் யூஜினியே நீளமாகவும் ஒரே அளவிலும் எளிதாகக் கிடைத்ததால் அதையே பயன்படுத்தினேன்.

கருவியின் வடிவத்தை முடிவு செய்வது ஒரே ஒரு எண்தான். நரம்புச் செல்லின் சவ்வுக்கு உள்ளே, வெளிப்புறத்தோடு ஒப்பிட்டால், ஓய்வு நிலையில் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தம் இருக்கும். துடிப்பின் உச்சத்தில் அது பூச்சியத்தைத் தாண்டி 30 அல்லது 40 மில்லிவோல்ட் அளவுக்கு மேலே ஏறும். ஆகச் சவ்வின் குறுக்கே நிகழும் மாற்றம் சுமார் 100 மில்லிவோல்ட். ஆனால் நாம் சவ்வுக்குள் நுழையாமல் தோலுக்கு வெளியே இருந்து கேட்கிறோம். தசையும் உடல்திரவமும் தோலின் ஈரமும் அந்த மின்னோட்டத்தைப் பரப்பிக் கரைத்துவிடுவதால் நமக்கு எட்டுவது சில பத்து மைக்ரோவோல்ட் மட்டுமே. ஆயிரம் மடங்கு பெருக்கினால்தான் கணினியின் ஒலி அட்டை அதைப் பார்க்கும்.

மின்வாய்களுக்கு வெள்ளி வேண்டியிருந்தது. அதற்குச் சேலத்தில் அலைய வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குக் கம்பி இழுக்கும் பட்டறை ஒன்றுக்குப் போய், அரை மில்லிமீட்டர் தடிமனில் சுத்த வெள்ளிக் கம்பி கேட்டேன். "சுத்த வெள்ளி மெத்துனு வளையும் தம்பி, கொலுசுக்கு நிக்காது" என்றார் பட்டறைக்காரர். "கொலுசுக்கு இல்லீங்கண்ணா" என்று விவரத்தைச் சொன்னதும், செம்பு கலக்காத வெள்ளியை என் கண்முன்னே இழுத்துக் கொடுத்தார். டச், அதாவது சுத்தம், குறைந்த வெள்ளியில் கலந்திருக்கும் செம்பு மண்புழுவுக்கு நஞ்சாகும் என்பதால் இந்த ஒரு பொருளில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. கம்பியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துணி வெளுக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் அது கருஞ்சாம்பல் நிறமாகும்வரை ஊற வைத்தேன். மேலே படியும் வெள்ளி குளோரைடு உப்பு ஈரத்தோடு குளோரைடு அயனிகளை எளிதாகக் கொடுத்து வாங்குவதால், மின்வாயின் சொந்த மின்னழுத்தம் அலைபாயாமல் நிற்கிறது. நாம் கேட்கும் அதிர்வெண்களுக்கு இந்தப் பூச்சு கட்டாயம் இல்லை. ஆனால் புழு நெளியும்போது எழும் பெரிய ஏற்ற இறக்கங்கள் பூச்சுக்குப் பின் கண்கூடாகக் குறைந்தன. பூசியபின் பலமுறை தண்ணீரில் அலசுவது மிக முக்கியம். பிளீச்சின் மிச்சம் புழுவின் தோலில் படக் கூடாது.

புழுவைப் படுக்க வைக்கும் தொட்டிக்கு, வீட்டு ஒயரிங்குக்குப் போடும் பிவிசி கேசிங் பட்டையின் அடிப்பகுதி கச்சிதமாகப் பொருந்தியது. அதன் குறுக்கே மெல்லிய துளைகள் இட்டு, ஐந்து வெள்ளிக் கம்பிகளைத் தரையோடு ஒட்டினாற்போல் செலுத்தினேன். தலைப்பக்கம் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓர் இணை, வால்பக்கம் அதே இடைவெளியில் இன்னோர் இணை, இரண்டு இணைகளின் மையங்களுக்கு இடையே சரியாக 50 மில்லிமீட்டர், நடுவில் தரை மின்வாயாக, அதாவது மற்ற மின்னழுத்தங்களை ஒப்பிடும் பூச்சியப் புள்ளியாக, ஒரு தனிக்கம்பி. நரம்பு வடம் புழுவின் அடிப்பக்கத்தில் இருப்பதால், புழு இயல்பாகப் படுத்திருந்தாலே வடம் கம்பிகளின் மேலே வந்துவிடுகிறது. குத்துவதற்கு எந்தத் தேவையும் இல்லை. குத்தி அளக்கும் முறையில் புழுவை ஆல்கஹால் கலந்த நீரில் மயக்குவார்கள். அந்த ஆல்கஹாலே நரம்பின் நடத்தையை மாற்றக்கூடும் என்பதால், புழுவின் நலனுக்கு மட்டுமன்றி அளவின் நேர்மைக்கும் இந்தத் தொட்டி முறையே சிறந்தது என்பது என் முடிவு.

பெருக்கியின் முதற்கட்டத்தில் ஒவ்வோர் இணைக்கும், இரு கம்பிகளுக்கு இடையேயான மின்னழுத்த வேறுபாட்டைப் பெருக்கும் ஓர் ஏடி620 ஐசி. அதன் பெருக்கத்தை ஒரே மின்தடை தீர்மானிக்கிறது: 49.4 கிலோஓமை அந்த மின்தடையால் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். 5.6 கிலோஓம் போட்டால் பெருக்கம் ஏறக்குறைய 9.8. முதற்கட்டத்திலேயே ஆயிரம் மடங்கு பெருக்கிவிடலாமே என்று தோன்றும். மின்வாய்களுக்கு இடையே சில பத்து மில்லிவோல்ட் நிலையான வேறுபாடு இருந்தால் போதும், ஆயிரம் மடங்கில் அது பேட்டரியின் எல்லையைத் தொட்டு, ஐசியின் வெளியீடு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். துடிப்பு வந்தாலும் தெரியாது. எனவே முதலில் பத்து மடங்கு, பிறகு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 4.7 கிலோஓம் மின்தடையும் கொண்ட வடிகட்டி, அதன்பின் டிஎல்072 ஐசியில் நூறு மடங்கு என்று பிரித்தேன். அந்த வடிகட்டி 340 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைத் தணிக்கிறது. இரண்டாம் கட்டத்தில் 220 கிலோஓம், 2.2 கிலோஓம் மின்தடைகள் 101 மடங்கைத் தருகின்றன. 220 கிலோஓமுக்கு இணையாக வைத்த 220 பிக்கோஃபாரட் மின்தேக்கி 3,300 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள இரைச்சலைக் குறைக்கிறது. மின்சாரம் இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளிலிருந்து மட்டும். காதால் கேட்பதற்காக ஓர் எல்எம்386 ஐசியும் சிறு ஒலிபெருக்கியும் சேர்த்தேன். துடிப்பு வரும்போது "டக்" என்று கேட்பது, திரையைப் பார்த்துக்கொண்டே புழுவைத் தொட வேண்டிய சிரமத்தை நீக்குகிறது.

இரைச்சலோடு நடந்த போராட்டமே இந்த வேலையின் பெரும்பகுதி. எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓடுகின்றன. மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் அலையை வடிகட்டி குறைத்தாலும், அதன் மடங்குகளான 350, 450 ஹெர்ட்ஸ் அலைகள் தறி மோட்டார்களிலிருந்தும் குழல்விளக்குகளின் சோக்கிலிருந்தும் வந்து வடிகட்டிக்குள் நுழைந்துவிடுகின்றன. தொட்டியையும் பெருக்கியையும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னை மின்சுற்றின் தரைப்புள்ளியோடு இணைத்தது பெரும் மாற்றத்தைத் தந்தது. மடிக்கணினியை சார்ஜரிலிருந்து கழற்றியது அதற்கு அடுத்தது. மின்வாய்க் கம்பிகளை இணை இணையாக முறுக்கிக் குட்டையாக வைத்தது மூன்றாவது. இவற்றுக்குப் பின்னும் மிஞ்சிய சிறு ரீங்காரம், பெரும்பாலும் தொட்டியில் நீர் தேங்குவதால் வந்தது. நீர் அதிகமானால் இணையின் இரு கம்பிகளும் நீர் வழியே இணைந்து, துடிப்பும் சிறுத்துப் போகிறது; நீர் குறைந்தால் புழுவின் தோல் உலர்ந்து அது துன்பப்படுகிறது. பிடித்து வைத்த மழைநீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் தொட்டியை ஒருமுறை துடைக்கும் அளவே போதுமானது.

ஒலி அட்டை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த யுஎஸ்பி ஒலி அட்டைகளில் மைக் துளை ஒற்றைத் தடம் மட்டுமே கொண்டது. இரண்டு தடங்களையும் தனித்தனியே பதியும் லைன்-இன் துளை உள்ளதாகப் பார்க்க வேண்டும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில் ஒடாசிட்டி மென்பொருளில் பதிந்தால், அடுத்தடுத்த மாதிரிகளுக்கு இடையே 0.023 மில்லிநொடிதான், நமக்கு இது தாராளம். அளவெடுக்கும் முன், கைப்பேசியிலிருந்து 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை 100 கிலோஓம், 10 ஓம் மின்தடைகளால் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்து இரு தடங்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்து, இரண்டு அலைகளும் மாதிரி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துக்கொண்டேன். நேர வேறுபாட்டை அளக்கப் போகிற கருவி, தானே ஒரு வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்று காட்டாமல் எந்த எண்ணையும் எழுதக் கூடாது.

புழுவைத் தொட்டியில் விட்டு, ஒளி படாமல் மூடி, அது ஓய்ந்து படுக்கும்வரை காத்திருக்க வேண்டும். தொடுவதற்கு உலோகம் கூடாது. ஓர் ஈர்க்குச்சியின் முனையில் ஓவியத் தூரிகையின் மயிர் ஒன்றை ஒட்டிக்கொண்டேன். தலை நுனியை அதனால் மெல்லத் தட்டியதும், ஒலிபெருக்கியில் ஒரு தட்டல் கேட்டது. திரையில், தலைப்பக்க இணையைப் பதியும் முதல் தடத்தில் மேலேறிக் கீழிறங்கும் ஒரு கூரிய அலையும், சற்று வலப்பக்கம் தள்ளி வால்பக்க இணையின் இரண்டாம் தடத்தில் அதே உருவில் இன்னோர் அலையும் நின்றன. மேலும் கீழுமாக இரு பாதிகள் வருவதற்குக் காரணம், துடிப்பு இணையின் முதல் கம்பியைக் கடந்து பிறகு இரண்டாம் கம்பியைக் கடப்பதுதான். வால் நுனியைத் தட்டியபோது வரிசை தலைகீழானது: இரண்டாம் தடம் முதலில், முதல் தடம் பின்னர்.

சேலத்து அறையில் தொட்டியின் வெப்பநிலை 29 டிகிரி செல்சியஸாக இருந்தபோது, தலையைத் தட்டி எழுந்த துடிப்பு 50 மில்லிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி எடுத்தது. அதாவது நொடிக்குச் சுமார் 16.7 மீட்டர். வாலைத் தட்டி எழுந்த துடிப்புக்கு ஏறத்தாழ 6 மில்லிநொடி. வேகம் அதில் பாதி. நான் தொட்ட கணம் எது என்று தெரியாமலேயே இந்த வேகம் கிடைத்தது, ஏனெனில் இரண்டு இடங்களுக்கு இடையேயான வேறுபாடு மட்டுமே கணக்கில் வருகிறது. 1850-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பை இரண்டு இடங்களில் தூண்டி, தசை சுருங்கிய நேரங்களின் வேறுபாட்டிலிருந்து நொடிக்கு 27 மீட்டர் அளவிலான வேகத்தைக் கண்டபோது கையாண்டதும் இதே வழிதான். நரம்பின் வேகத்தை ஒருபோதும் அளக்க இயலாது என்று அவருடைய ஆசிரியர் யோகானஸ் முல்லர் கருதியிருந்த காலம் அது.

இந்தப் பதிவில் நான் மிகவும் மதிப்பது வேகத்தைவிட அலையின் உயரத்தை. செல்லின் உட்புறம் உப்பு நீர். அது செம்பைவிடப் பல மடங்கு மோசமான கடத்தி. சவ்வும் மின்சாரத்தை ஓரளவு கசியவிடும். வெறும் கம்பியைப் போல மின்னோட்டத்தைத் தள்ளிவிட்டு நின்றால், சில மில்லிமீட்டர் தொலைவுக்குள் துடிப்பு தேய்ந்து மறைந்திருக்கும். ஆனால் 50 மில்லிமீட்டர் தாண்டிய இரண்டாம் தடத்தில் துடிப்பு குன்றவில்லை. சில புழுக்களில் முதல் தடத்தைவிட உயர்ந்தே நின்றது. தோலுக்கு வெளியே காணும் உயரம், கம்பிக்கும் வடத்துக்கும் உள்ள நெருக்கத்தையும் பொறுத்தது என்பதால் உயரத்தை மட்டும் தனியே வைத்து முடிவுக்கு வர முடியாது. அதே புழுவில் வாலிலிருந்து வந்த துடிப்பும், எதிர்த்திசையில் அவ்வளவு தூரம் கடந்தபின், முதல் தடத்தில் தேயாமல் நின்றதைச் சேர்த்துப் பார்க்கும்போது சந்தேகத்துக்கு இடமில்லை. கார்த்திகை இரவில் வரிசையாக வைத்த அகல்களை ஒன்றிலிருந்து ஒன்றாக ஏற்றிச் செல்லும்போது, கடைசி அகலின் சுடர் முதல் சுடரின் உயரத்துக்கே எரிவது அதற்கென்று தனி எண்ணெய் இருப்பதால். நரம்பின் ஒவ்வொரு புள்ளியும் அப்படித்தான் தன் சொந்த இருப்பைக் கொண்டு துடிக்கிறது.

அந்த இருப்பு என்பது அயனிகளின் ஏற்றத்தாழ்வு. செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் சவ்விலுள்ள பம்பு இந்த வேறுபாட்டை ஓயாமல் காத்து வருகிறது. தொடுதலால் உள் மின்னழுத்தம், துடிப்பு தொடங்குவதற்கு வேண்டிய வாயில் அளவைத் தாண்டியதும், சோடியத்தை உள்ளே விடும் புரதத் துளைகளான சோடியம் கால்வாய்கள் சவ்வில் திறக்கின்றன. உள்ளே பாயும் சோடியம் மின்னழுத்தத்தை மேலும் உயர்த்த, மேலும் கால்வாய்கள் திறக்கின்றன. ஒரு மில்லிநொடிக்குள் அவை தாமே அடைபட, பொட்டாசியம் வெளியேறி மின்னழுத்தத்தைக் கீழே இறக்குகிறது. உள்ளே பாய்ந்த மின்னூட்டத்தின் ஒரு பகுதி நாரின் உட்புறமாக முன்னோக்கிச் சென்று அடுத்த துண்டின் சவ்வை மின்னேற்றி வாயில் அளவுக்கு உயர்த்துகிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்குத் திறன் கொண்ட அந்தச் சவ்வை நிரப்புவதற்கும், கால்வாய்கள் திறப்பதற்கும் ஆகும் நேரமே நான் அளந்த 3 மில்லிநொடி. நார் தடித்தால் உட்புற மின்தடை குறைந்து அடுத்த துண்டு விரைவில் நிரம்பும். நடுப் பெருநார் பக்கத்து நார்களைவிடத் தடித்தது என்பதோடு என் அளவுகள் ஒத்துப்போகின்றன. இருமடங்கு வேறுபாட்டுக்குத் தடிமன் ஒன்றே காரணம் என்று இதை மட்டும் கொண்டு நான் சொல்ல மாட்டேன். நம் உடலில் மையலின் என்ற கொழுப்பு உறை சுற்றிய நார்கள், அந்த உறையின் இடைவெளிகளான ரேன்வியர் கணுக்களில் மட்டும் துடிப்பைப் புதுப்பித்துத் தாண்டிச் செல்வதால், ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு தடிமனிலேயே நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் செல்கின்றன.

இந்த விளக்கத்தை எண்களாக மாற்றியவர்கள் ஆங்கிலேய உடலியலாளர்களான ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். கணவாயின் அரை மில்லிமீட்டர் தடித்த நாரில் கால்வாய்களின் நடத்தையை அளந்து, அதைச் சமன்பாடுகளாக்கி, கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் துடிப்பின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். 1952-இல் வெளியான அந்தக் கணக்கு தந்த விடை நொடிக்கு 18.8 மீட்டர்; உண்மை நாரில் அளந்தது 21.2 மீட்டர். 1963-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கணக்கோடு 18.5 டிகிரி என்ற வெப்பநிலையையும் சேர்த்தே சொல்வதைக் கவனித்தபோதுதான் ஏற்காடு நினைவுக்கு வந்தது. கால்வாய்கள் திறப்பது புரதங்களின் அசைவு. குளிரில் அது தாமதமாக வேண்டும். ஹெல்ம்ஹோல்ட்ஸும் குளிர்ந்த நரம்பில் வேகம் குறைவதைக் கண்டிருந்தார். செம்புக் கம்பியிலோ குளிர்ந்தால் மின்தடை குறையும். ஆகவே நரம்பு வெறும் கம்பி இல்லை என்பதைக் காட்டக் குளிர் ஒரு நல்ல சோதனை.

அளந்த புழுக்களையே அவை வாழ்ந்த உரத்தோடு வாளியில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்காமல் மேலே கொண்டு சென்றோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பி வளரும் அந்தத் தோட்டத்து வீட்டில் விசைத்தறியும் இல்லை, குழல்விளக்கை அணைத்துவிட்டால் ரீங்காரமும் இல்லை. இரவு முழுவதும் புழுக்களை அந்தக் குளிருக்குப் பழகவிட்டு, விடியற்காலையில் தொட்டியின் வெப்பநிலை 17 டிகிரியாக இருந்தபோது அளந்தேன். அதே 50 மில்லிமீட்டரைக் கடக்க நடுப் பெருநார்த் துடிப்புக்கு 5 மில்லிநொடி ஆனது: நொடிக்கு 10 மீட்டர். உயரமோ பயணமோ இதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற ஐயத்தைத் தீர்க்க, அதே இடத்தில் நண்பகலில் 23 டிகிரியில் மீண்டும் அளந்தேன், 3.9 மில்லிநொடி, அதாவது நொடிக்கு 12.8 மீட்டர். மூன்று புள்ளிகளும் ஒரே வளைகோட்டில் அமர்கின்றன: ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. குளிரில் அலையும் அகன்றிருந்தது. கால்வாய்கள் திறப்பதும் அடைவதும் இரண்டுமே தாமதமாவதை அந்த அகலம் காட்டுகிறது.

அளவெடுக்க விரும்புவோருக்கு இன்னும் ஒரு நுணுக்கம். புழு சுருங்கியிருக்கும்போது வடமும் சற்று மடிந்திருக்கும். அப்போது கம்பிகளுக்கு இடையே 50 மில்லிமீட்டர் என்றாலும் துடிப்பு கடக்கும் பாதை அதைவிட நீளம். ஆகவே புழு நீண்டு படுத்திருக்கும்போது எடுத்த பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

தட்டும் விசையை மாற்றிப் பார்த்தபோது கண்டவை தனியே எழுதத் தக்கவை. மிக மெல்லத் தொட்டால் எதுவும் வராது; சற்றுக் கூட்டினால் முழு உயரத்துடன் ஒரு துடிப்பு; மேலும் அழுத்தினால் அதே உயரத்தில் இரண்டு அல்லது மூன்று அடுத்தடுத்து. அரைத் துடிப்பு என்று ஒன்று ஒருபோதும் வரவில்லை. தூண்டுதலின் வலிமை துடிப்பின் உயரத்தில் இல்லை, எத்தனை துடிப்புகள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பதில் இருக்கிறது என்று 1920-களில் உணர்வு நரம்புகளில் காட்டிய ஆங்கிலேய உடலியலாளர் எட்கர் ஏட்ரியன், 1932-இல் மற்றோர் உடலியலாளரான சார்லஸ் ஷெரிங்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். என் தொட்டியில், ஒற்றைத் துடிப்புக்குப் புழு பெரும்பாலும் அசையவே இல்லை. இரண்டு துடிப்புகள் சில மில்லிநொடி இடைவெளியில் வந்தபோது மட்டும், அவற்றைத் தொடர்ந்து தசைகளின் பெரிய, அகன்ற அலைகள் திரையில் எழுந்தன, புழுவும் வெடுக்கென்று சுருங்கியது. வேகத்தைக் கணக்கிடத் தசை அலைகளுக்கு முன்பு வரும் முதல் துடிப்பை மட்டுமே எடுக்க வேண்டும். சுருங்கியபின் புழு மீண்டும் நீண்டு படுக்கும்வரை அடுத்த தட்டலுக்குக் காத்திருக்க வேண்டும்.